நாக்கு வண்டி

மொத்தமே ஐந்து வண்டிகள்தான் செய்தார்கள். அதில் நான்கை கேஸ் கட்டர் வைத்துத் துண்டு போட்டபோது வேதரத்தினம் பக்கத்தில்தான் நின்றான். கோயம்புத்தூருக்கு வெளியே, கம்பெனி ஷெட்டின் பின்பக்கம். பெயின்ட் கருகிய வாடை மூக்கில் ஏறி, அன்று மதியம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது வண்டி அங்கே இல்லை. மூன்றாம் நம்பர் போட்ட அந்த வண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கீழமடை கிராமத்தில், குஞ்சிதபாதத்தின் வைக்கோல் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அது மட்டும் தப்பித்தது நல்லதுக்குத்தான் என்று அவன் அப்போது நினைத்தான்.

கீழமடைதான் அவனுக்கும் சொந்த ஊர். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் இருபது வருடமாக, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் நெல் அறுப்பு வண்டியை ஓட்டியவன். சேறு எங்கே வண்டியைத் தாங்கும், எங்கே விழுங்கும் என்று வரப்பில் நின்று பார்த்தே சொல்லிவிடுவான். அதற்காகத்தான் கம்பெனி அவனைச் சோதனை டிரைவராகக் கூட்டிப் போனது.

வெளியே இருந்து பார்த்தால் அதுவும் மற்ற அறுப்பு வண்டி மாதிரிதான். முன்னால் கத்தி, நடுவில் கதிரடிக்கும் உருளை, பின்னால் வைக்கோல் துப்பும் வாய். வித்தியாசம் வயிற்றுக்குள் இருந்தது. அடிபட்டு வரும் நெல் ஒரு கண்ணாடிப் பட்டையின் மேல் மெல்லிசாக வழுக்கிக்கொண்டு போகும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குக் கீழே இருந்து எக்ஸ்ரே மாதிரி ஒரு ஒளிக்கதிர் ஒவ்வொரு மணியையும் ஊடுருவிப் பார்க்கும். பிடிக்காத மணியைக் காற்று ஊதி இடது பக்கம் தள்ளிவிடும். பிடித்தது வலது பக்கம் போகும். கம்பெனிக்காரர்கள் அதற்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தார்கள். கீழமடைக்காரர்கள் ஒரே நாளில் நாக்கு வண்டி என்று சொல்லிவிட்டார்கள். மணி மணியாக ருசி பார்க்கிறதல்லவா.

முதல் சோதனை தை மாதம், குஞ்சிதபாதத்தின் சம்பா வயலில். ஊரில் பெரிய பண்ணை அவருடையதுதான். கம்பெனியிலிருந்து தாரிணி என்கிற பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். நாக்கைச் செய்த நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி.

"ஏம்மா, ஊர்ல எல்லா வண்டிக்கும் ஒரு தொட்டி. உன் வண்டிக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

"வலது தொட்டி சாப்புடறதுக்குங்க. இடது தொட்டி சாப்புடக்கூடாததுக்கு."

"சாப்புடக்கூடாத நெல்லுன்னு ஒண்ணு இருக்கா? பதரா?"

"பதரு இல்லீங்க. நல்லா முத்துன மணிதான். உள்ளதான் வெசம்."

வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஏழு வருசத்துக்கு முன்னாடி பெரிய வெள்ளம் வந்துச்சுங்களே. ஆத்துல மேல பழைய பேட்டரி உடைக்கிற பட்டறைங்க இருந்துச்சு. அதையெல்லாம் கழுவிக் கொண்டாந்து உங்க வயல்ல போட்டுட்டுப் போயிருச்சுங்க."

"வண்டல்னு சந்தோசப்பட்டோம்" என்றார் குஞ்சிதபாதம். "அந்த வருசம் வெளைச்சலும் நல்லாத்தான் இருந்துச்சு."

"வெளைச்சல் நல்லாத்தாங்க இருக்கும். காட்மியம்னு ஒரு உலோகம். வேரு அதை உறிஞ்சி மணியில கொண்டுபோய் வெச்சிரும். பாத்தாத் தெரியாது, மோந்தாத் தெரியாது, ஆக்குனாலும் போகாது. இன்னைக்குத் தின்னா இன்னைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பத்து வருசம், பதினஞ்சு வருசம் கழிச்சுத்தான். நேராப் போய் கிட்னியில உக்காந்துக்கும்."

கிட்னி என்ற சொல் காதில் விழுந்ததும் வண்டி மேல் உட்கார்ந்திருந்த வேதரத்தினம் நிமிர்ந்து பார்த்தான். அவன் மனைவி மங்கையர்க்கரசிக்கு ஒரு கிட்னிதான். இன்னொன்றைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். தம்பி இன்றைக்குத் திருப்பூரில் நன்றாக இருக்கிறான். இருக்கிற ஒன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய், உப்பு, வலி மாத்திரை எல்லாவற்றிலும் அவள் கவனமாகத்தான் இருந்தாள். சோற்றில் கவனமாக இரு என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி வயலில் இறங்கியது. நல்ல நெல் நொறுங்கக்கூடாது என்று வலது தொட்டிக்கு உள்ளே ரப்பர் ஒட்டியிருந்தார்கள். அதில் விழுகிற நெல் மெத்தையில் விழுவது போல் பொத்துப் பொத்தென்று விழும். இடது தொட்டி வெறும் தகரம். அதில் விழுந்தால் சடசடவென்று கூரையில் மழை பெய்கிற சத்தம். ஒரு மா அறுத்து முடிப்பதற்குள் வரப்பில் நின்ற எல்லோருக்கும் அந்த இரண்டு சத்தமும் பழகிவிட்டன. தகரச் சத்தம் அதிகமாகும்போதெல்லாம் பேச்சு நின்றது.

நூற்றுக்கு நாற்பது இடது பக்கம் விழுந்திருந்தது.

"இந்த எடது தொட்டிய என்னம்மா பண்றது?" என்றார் குஞ்சிதபாதம்.

"அழிச்சிரோணுங்க."

"நெல்லையா?"

அவர் கோபப்படவில்லை. ஒரு குழந்தை பேசுவதைக் கேட்பது போல் அவளைப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, இரண்டு தொட்டி நெல்லையும் ஒரே தார்ப்பாயில் கொட்டச் சொல்லி, மரப்பலகையால் தாமே இழுத்துக் கலந்தார். "ஈர நெல்லோட காஞ்ச நெல்லக் கலந்துவிட்டா ஈரம் பாக்குற மீட்டர்ல பதினேழு சதம் காட்டும். வியாபாரி எடுத்துக்குவான். காலங்காலமா பண்றதுதான். இதும் அப்புடித்தான். நாப்பதும் அறுபதும் கலந்தா ஒண்ணும் தெரியாது."

"கலந்தா மீட்டருக்குத் தெரியாதுங்க" என்றாள் தாரிணி. "ஒடம்புக்குத் தெரியும்."

அன்று மாலையே அந்த நெல் லாரி ஏறிப் போய்விட்டது.

பன்னிரண்டு ஊர்களில் சோதனை நடந்தது. எல்லா ஊரிலும் இதே கதைதான். ஒரு பெரியவர் முகத்துக்கு நேரேயே கேட்டார்: "என் நெல்லையே காட்டிக்குடுக்குற வண்டிக்கு நானே டீசல் ஊத்தணுமாக்கும்?" வியாபாரிகள் அதற்கும் மேலே போனார்கள். நாக்கு வண்டி கால் வைத்த ஊர் நெல்லை, வலது தொட்டியோ இடது தொட்டியோ, எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு வண்டி வருகிறது என்றாலே ஊர் எல்லையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார்கள். வாங்க ஆள் இல்லாத வண்டியை எந்தக் கம்பெனி செய்யும்? ஷெட்டை மூடினார்கள். நான்கை அறுத்தார்கள். மூன்றாம் நம்பரைத் திருப்பிக் கொண்டுவரும் லாரிச் செலவுக்கு அது பெறாது என்று, இருந்த இடத்திலேயே குஞ்சிதபாதத்துக்கு இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். அவர் அதை என்ஜினுக்காகவும் பெல்ட்டுக்காகவும் வாங்கினார்.

நாக்கைக் கழற்றிக்கொண்டு வா என்று தாரிணியை அனுப்பியிருந்தார்கள். அவள் வந்தாள். வைக்கோல் கொட்டகையில் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கழட்டலைங்ணா" என்றாள் கடைசியில். "கழட்டுனேன்னு எழுதிக் குடுத்துருவேன். இந்த ஊர்ல ஒருத்தராவது உபயோகப்படுத்தட்டும். நீங்க ஓட்டுவீங்களா?"

"வண்டி அவரோடது மேடம். அவரு சொன்னா ஓட்டுவேன்."

அவள் பையிலிருந்து இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். ஒன்றுக்கு வெள்ளை மூடி. இன்னொன்றுக்குச் சிவப்பு.

"இது சாட்சி நெல்லுங்ணா. வெள்ளை மூடியில இருக்கறது சுத்தமானது. செவப்பு மூடியில இருக்கறது கெட்டது. ஒவ்வொரு அறுப்புக்கும் முன்னாடி பேட்டரியில நாக்கை மட்டும் எழுப்பி, ரெண்டுலயும் பத்துப் பத்து மணி போட்டுப் பாக்கோணும். வெள்ளை வலது பக்கம் விழோணும். செவப்பு எடது பக்கம். செவப்பு எடது பக்கம் விழலைன்னா வண்டிய எடுக்கவே கூடாது."

"ஏன் விழாது?"

"நெல்லு உமி உப்புக்காகிதம் மாதிரிங்ணா. தேச்சுத் தேச்சுக் கண்ணாடி மங்கிப்போகும். மனுச நாக்கு சூடு பட்டுப் பட்டு மரத்துப்போகுதுல்ல, அப்படி. கம்பெனி இருந்திருந்தா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திக் குடுப்போம். இப்பக் கண்ணாடிக்கு எங்க போவீங்க? இந்தக் குப்பிதான் சொல்லும்."

அவன் தலையாட்டினான். இரண்டு குப்பிகளையும் வண்டியின் டூல் பாக்ஸில், கிரீஸ் துணியில் சுற்றி வைத்தான்.

அடுத்த தை. குஞ்சிதபாதம் ஆள் அனுப்பினார். போனபோது கொட்டகையில் தார்ப்பாய் விலகியிருந்தது.

"ரத்தினம், எல்லாத்தையும் வழக்கமான வண்டியே அறுக்கட்டும். தெக்கால அஞ்சு மா மட்டும் நீ இதுல அறுத்துக் குடுத்துடு. வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்லு. வெளியில பேச்சு வேணாம்."

சாப்பாட்டு நெல்லைத் தனியாக அறுத்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வேதரத்தினத்துக்கு மனசு லேசானது. அந்தப் பெண் சொன்னது ஒருவர் காதிலாவது ஏறியிருக்கிறதே.

முதல் கதிர் அறுக்கும் நாளை ஊரில் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வைப்பார்கள். வயல் மூலையில் வாழையிலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் கத்தி கதிரில் படும். வண்டி வந்த பிறகும் அது மாறவில்லை. அரிவாளுக்கு வைக்கிற பொட்டு வண்டிக்கு வைக்கப்பட்டது, அவ்வளவுதான். சூடம் காட்டியபிறகு வேதரத்தினம் பேட்டரியில் நாக்கை எழுப்பி, வெள்ளை மூடியைத் திறந்து பத்து மணியைப் போட்டான். பொத்துப் பொத்தென்று பத்தும் வலது பக்கம் விழுந்தன. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அவன் சிவப்பு மூடியில் கை வைத்தான்.

"அது என்ன?" என்றார் குஞ்சிதபாதம்.

"இது கெட்ட நெல்லுங்கய்யா. இதையும் போட்டுப் பாக்கணும்னு மேடம்..."

"நாளும் அதுவுமா, மொதக் கதிரு வண்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி வெசத்தப் போடுவியா? உன் வீட்டுக் கல்யாணத்துல மொதப் பந்தியில பாகக்கா வப்பியா நீ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேதரத்தினமும் கொஞ்சம் சிரித்துவிட்டு மூடியைத் திருப்பி இறுக்கினான். அறுப்பு முடிந்த பிறகு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அறுப்பு முடிந்தபோது இடது தொட்டியில் முழங்கால் அளவுக்கு நெல் கிடந்தது. நாக்கு வேலை செய்வதுதான் கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி? குப்பி கிரீஸ் துணிக்குள்ளேயே இருந்தது.

வண்டி ஓட்டினவனுக்கு அறுத்த வயலிலிருந்து ஒரு மூட்டை நெல் கொடுப்பது ஊர் வழக்கம். குஞ்சிதபாதம் வலது தொட்டியிலிருந்தே ஒரு மூட்டை தூக்கிக் கொடுக்கச் சொன்னார். அதில் அவர் குறை வைத்ததே இல்லை. "உன் பொண்டாட்டிக்குச் சரியில்லாத ஒடம்பு. அவ இதைத்தான் திங்கணும்" என்றார்.

ஊர் வாயை மூடவா முடியும்? அந்த வருடமே நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக வந்து கேட்டார்கள். அடுத்த வருடம் பதினேழு வீடு. வண்டியை விரட்ட டிராக்டரைக் குறுக்கே போட்டவர்களும் அதில் உண்டு. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியவேண்டாம் என்றே சொன்னார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வலது தொட்டி வீட்டுக்குப் போனது. இடது தொட்டி, விற்கிற நெல்லோடு போனது.

மங்கை ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்த எடது தொட்டி நெல்லு எங்கதான் போவுது?"

"வித்துடுவாங்க."

"யாரு வாங்குறா?"

"வியாபாரி. மில்லுக்குப் போவும். அங்கேருந்து கடைக்கு."

"கடையில?"

"யாராவது வாங்குவாங்க. யாரோ."

அவள் முறத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "என் தம்பி திருப்பூர்ல கடையிலதான் அரிசி வாங்குறான்."

"அங்கல்லாம் வேற ஊரு அரிசி வரும் மங்கை."

"வேற ஊர்ல நாக்கு வண்டி இல்லாததால அது நல்ல அரிசியாயிடுமா?"

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். தன் கையில் இருப்பது ஒரு வண்டி, அதை வைத்துக்கொண்டு ஒரு ஊரின் சாப்பாட்டு நெல்லைத்தான் பிரிக்கமுடியும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். அதன்பிறகு இடது தொட்டியை மூட்டை பிடிக்கும்போது அவன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மூன்றாவது வருடம் ஒரு நல்ல சேதி பரவியது. இடது தொட்டியில் விழுவது குறைந்துகொண்டே வந்தது. முதல் வருடம் நாற்பது விழுந்த வயலில் இப்போது பதினைந்துதான் விழுந்தது. நான்காவது வருடம் ஐந்துகூட இல்லை. தகரச் சத்தம் தூறல் மாதிரி ஆகி, பிறகு எப்போதாவது ஒரு சொட்டு. குஞ்சிதபாதம் வரப்பில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

"மண்ணு ஆறிப்போச்சு ரத்தினம்" என்பார். "பசுந்தாள் ஒரத்துக்குத் தக்கப்பூண்டு வெதச்சு மடக்கி மடக்கி உழுதேன். சுண்ணாம்பு போட்டேன். மண்ணுக்கு நாம செஞ்சா அது நமக்குச் செய்யும்."

உண்மையிலேயே அவர் மண்ணுக்கு அவ்வளவும் செய்திருந்தார். ஊரில் மற்றவர்களும் செய்தார்கள். கோவிலில் பொங்கல் வைத்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு, இனிமேல் கடை அரிசி வாங்காதீர்கள், இங்கிருந்து அனுப்புகிறோம் என்று மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். குஞ்சிதபாதத்தின் மகள் அபிராமி சென்னையில் இருந்தாள். தலைப்பிள்ளை உண்டாகி ஆறு மாதம். அவளுக்கு மட்டும் மூன்று மூட்டை அரிசி போனது. மங்கையும் தம்பிக்கு ஒரு மூட்டை அனுப்பினாள். அனுப்பின அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை வேதரத்தினம் வெகுநாளைக்குப் பிறகு பார்த்தான்.

ஆனால் மங்கையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேறு மாதிரி சொன்னது. வருடா வருடம் எடுப்பதுதான். கிட்னி கெடக் கெட ஏறும் கிரியேட்டினின் அளவு, ஒன்று புள்ளி ஒன்றில் இருந்தது ஒன்று புள்ளி நான்கு ஆனது. பிறகு ஒன்று புள்ளி ஏழு. இந்த மார்கழியில் இரண்டைத் தாண்டிவிட்டது. காலில் வீக்கம் வந்தது. செருப்பு நுழையவில்லை.

"வேற எதாவது மருந்து சாப்புடுறீங்களா? நாட்டு மருந்து?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்."

"தண்ணி?"

"கேன் தண்ணிதான்."

"சாப்பாடு?"

"சாப்பாடு நல்ல சாப்பாடுங்க" என்றான் வேதரத்தினம். "இந்த டவுன்லயே எங்க வீட்டு அரிசி மாதிரி சுத்தமான அரிசி கெடைக்காது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மங்கை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்க, அவன் யோசித்துக்கொண்டே வந்தான். வண்டிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் இரண்டு தடவை போய்விட்டது. பெல்ட் தேய்ந்து மாற்றியாகிவிட்டது. கத்தி எத்தனை தடவை சாணை பிடித்தோம். வண்டியில் தேயாதது என்று ஒன்று உண்டா?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புளியமரத்தடியில் நின்று தாரிணிக்குப் போன் போட்டான். நான்கு வருடம் ஆகிவிட்டது. நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தான். எடுத்தாள். இப்போது மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் இருக்கிறாளாம்.

"ரத்தினம் அண்ணனுங்களா? வண்டி ஓடுதுங்களா இன்னும்?"

"ஓடுது மேடம். மண்ணு நல்லாயிடுச்சு. எடது பக்கம் ஒண்ணும் விழறதே இல்ல."

அந்தப் பக்கம் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மேடம்?"

"அண்ணா, செவப்பு மூடி போட்டுப் பாத்தீங்களா?"

அவன் புளியமரத்து வேரில் உட்கார்ந்தான்.

"அந்தக் கண்ணாடி ரெண்டு வருசத்துக்குத்தான் வரும்னு சொன்னேனுங்களே. நாலு வருசம் ஆச்சு." அவள் குரல் இறங்கியது. "அதுக்குள்ள கம்பெனிய எப்படியும் திரும்பத் தொறந்துருவாங்க, கண்ணாடிய நானே கொண்டாந்து மாட்டிக் குடுத்தர்லாம்னு நெனச்சனுங்ணா. அப்புறம் வேற வேலை, அது இதுன்னு... ஒரு தடவை கூப்புட்டுக் கேட்டிருக்கோணும். கேக்கலை."

"காட்மியம் மண்ணுல இருந்து தானா போவுமா மேடம்?"

"நாலு வருசத்துலயா? போகாதுங்ணா."

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. பாகற்காய்ப் பேச்சுக்குச் சிரித்தது உட்பட எல்லாம் சொன்னான். அவள் உலையில் போட அளந்து வைத்திருந்த அரிசியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மொதக் கதிரு" என்றாள்.

"ஆமா."

"நானும் வர்றேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம். வயல் மூலையில் இலை போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கு மேல் வரப்பில். இனிமேல் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் இந்த வருடம் எல்லோரும் வெளிப்படையாகவே வந்திருந்தார்கள். இடது தொட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் ரப்பர் ஒட்டிவிடலாமே என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்ல, குஞ்சிதபாதம் சிரித்துக்கொண்டே சூடம் ஏற்றினார்.

வேதரத்தினம் வண்டி மேல் ஏறினான். பேட்டரியில் நாக்கை எழுப்பினான். வெள்ளை மூடியைத் திறந்து பத்து மணி போட்டான். வலது பக்கம் பத்துத் தடவை பொத்தென்றது. பிறகு டூல் பாக்ஸிலிருந்து கிரீஸ் துணியைப் பிரித்துச் சிவப்பு மூடியை எடுத்தான்.

"ரத்தினம்" என்றார் குஞ்சிதபாதம். "அதை வையி. நாலு வருசமா சொல்லியிருக்கேன்."

"நீங்க ஒரு வருசந்தான் சொன்னீங்கய்யா. மத்த மூணு வருசமும் நானா போடாம இருந்தேன்."

"நாளும் அதுவுமா என்னத்துக்குப்பா..."

"போடட்டும் ஐயா" என்றாள் மங்கை. வரப்பில் செருப்பில்லாமல் நின்றாள். வீங்கிய கால்கள் சேலைக்கரைக்குக் கீழே தெரிந்தன. குஞ்சிதபாதத்தின் கண் அந்தக் கால்களில் பட்டு, அங்கேயே நின்றது. "உங்க வலது தொட்டி நெல்லத்தான் நாலு வருசமா திங்கிறேன். போட்டுப் பாத்துடட்டும்."

அவர் வண்டியை விட்டு விலகி நின்றார்.

வேதரத்தினம் மூடியைத் திருகினான். நான்கு வருடத் துருவில் கொஞ்சம் இறுகியிருந்தது. பத்து மணி உள்ளங்கையில் விழுந்தன. நல்ல முத்தின மணிகள், பொன் நிறம். நாக்கின் மேல் மெதுவாகச் சரித்தான்.

எல்லோரும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகரம் எப்போது சத்தம் போடும் என்று.

பொத்.

ஒருவர் தொண்டையைச் செருமினார். பொத், பொத். வேதரத்தினம் எண்ணிக்கொண்டே இருந்தான். ஏழு. எட்டு. ஒன்றாவது தகரத்தில் விழாதா என்று அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்பது. கடைசி மணி நாக்கின் நடுவில் ஒரு நொடி தயங்கியது போலிருந்தது. காற்று ஊதவில்லை. அதுவும் மற்றவற்றோடு போய் ரப்பரில் விழுந்தது.

அவன் நாக்கை நிறுத்தினான். யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான்கு வருடமாக எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

"மண்ணு ஆறலையா அப்ப?" என்றார் குஞ்சிதபாதம். கேள்வி போலவும் இல்லை.

"இல்லீங்கய்யா. நாக்கு மரத்துப்போச்சு."

சூடம் அணைந்து புகைந்தது. பின்னால் யாரோ ஒரு பெண், போன மாதம் அனுப்பின மூட்டை, போன மாதம் அனுப்பின மூட்டை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சட்டைப் பையைத் தடவி, இடுப்பைத் தடவி, போனை எடுத்தார்கள். மங்கை திருப்பூருக்குப் போட்டுவிட்டு மணி அடிப்பதைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

குஞ்சிதபாதத்துக்குக் கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் போட்டுக் கொடுத்தார்.

"அபிராமி, அப்பா பேசுறேன். உலை வச்சுட்டியா? வச்சிருந்தா எறக்கிடு. எறக்கிடும்மா, காரணம் அப்புறம் சொல்றேன். அந்த மூணு மூட்டையும்... இல்ல, இல்ல. வேலைக்காரம்மாவுக்குக் குடுக்காதே. கோயிலுக்கும் வேணாம். யாருக்கும் குடுத்துடாதே. கீழ கொட்டிடு." மறுமுனையில் அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆமாம்மா, நெல்லுதான். அழிச்சுத்தான் ஆகணும்."

வேதரத்தினம் வலது தொட்டிக்குள் குனிந்தான். சாட்சி மணிகளைத் திரும்பக் குப்பிகளில் போட்டு வைக்கவேண்டும். கறுப்பு ரப்பரின் மேல் இருபது மணிகளும் ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். இன்னொன்றை எடுத்துப் பார்த்தான். பிறகு இரண்டு மூடிகளையும் கையில் வைத்துக்கொண்டு, எதை எதில் போடுவது என்று தெரியாமல் அங்கேயே குனிந்து நின்றான்.